தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு சொல் வேண்டும், திங்கள் காலைக்குள்

பெரம்பூரிலிருந்து:

வணக்கம். ரொறன்ரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். அங்கே பல வீடுகளில் சுவரடியில் நீளமாக மின்சார ஹீட்டர் இருக்கும். பிளக் கிடையாது, சுவருக்குள்ளிருந்து வரும் 240 வோல்ட் கம்பியிலேயே நேராக இணைத்தது. அறைச் சூட்டைப் பார்த்து அதைப் போட்டு அணைக்கும் பழைய குமிழ் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, செல்போனிலிருந்து இயக்குகிற ஒன்றைக் குறைந்த செலவில் மாட்டுவது எப்படி என்பதுதான் கையேடு. அறைக்கு ஒன்று தேவை என்பதால் செலவு ஏறும், அதனால் அதிகம் புழங்கும் அறைகளில் மட்டும் மாற்றுங்கள், ஒரே அறையில் இரண்டு ஹீட்டர் இருந்தால் வாட்டைக் கூட்டிப் பார்த்துத் தாங்குமென்றால் ஒரே தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள் என்று உருப்படியான யோசனைகள் இருக்கின்றன. 'ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்' என்பதற்கு நான் இப்போதைக்கு 'திறன் வெப்பநிலைநிறுத்தி' என்று போட்டிருக்கிறேன், 240 வோல்ட் வகையை 'உயரழுத்த' என்றும் 24 வோல்ட் வகையைத் 'தாழ்வழுத்த' என்றும் பிரித்திருக்கிறேன். சரிதானா?

தாம்பரத்திலிருந்து (தமிழாசிரியர்):

அம்மா, 'ஹீட்டர்' என்று எழுத என்ன அவசியம் வந்தது? நெடுநல்வாடையில் 'பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர' என்று வருகிறதே, அந்தத் தடவு குளிருக்கு நெருப்பு இட்டு வைக்கும் சட்டிதான். மின்தடவு என்றால் முடிந்தது. தெர்மோஸ்டாட் என்பதும் கிரேக்கத்தின் வெம்மையையும் நிற்றலையும் ஒட்டியது, ஆண்ட்ரூ யூர் 1830-இல் காப்புரிமை வாங்கிய கருவி அது. நம்மிடம் வெம்மையும் நீரும் சேர்ந்து வெந்நீர் ஆவதுபோல, வெம்மையும் நிலைப்பியும் சேர்ந்தால் வெந்நிலைப்பி. புணர்ச்சி விதிக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கருவி செய்கிற வேலையைத்தான் 'அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க' என்று வள்ளுவர் சொல்லி வைத்திருக்கிறார், நெருங்கினால் விலக வேண்டும், விலகினால் நெருங்க வேண்டும்.

அம்பத்தூரிலிருந்து (மின்வாரியப் பணி, ஓய்வு):

ஐயா, குறள் அருமை. ஆனால் தடவு என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் கையால் தடவுவதுதான். மின்சாரக் கையேட்டில் 'மின்தடவு' என்று அச்சிடுவதை நான் ஒப்பவே மாட்டேன்.

அம்மாவின் சொற்களில் எனக்கு மூன்று கவலை. முதலாவது 'நிறுத்தி'. அதை வெப்பம், நிலைநிறுத்தி என்று நீங்கள் பிரிக்கிறீர்கள், படிப்பவர் வெப்பநிலை, நிறுத்தி என்று பிரிப்பார். குமிழைக் கடைசி வரை திருப்பினால் மின்சாரமே நின்றுவிட்டது என்று நினைப்பார். அங்கே 240 வோல்ட்டில் நம்மூர் போல ஃபேஸ் ஒன்று நியூட்ரல் ஒன்று கிடையாது, இரண்டு கம்பியிலும் மின்சாரம், ஒவ்வொன்றும் பூமிக்கு 120 வோல்ட். ஒற்றைமுனைத் தெர்மோஸ்டாட் அதில் ஒன்றை மட்டும்தான் துண்டிக்கும், மற்றது ஹீட்டர் வரை உயிரோடு இருக்கும். பிரேக்கரை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

இரண்டாவது தாழ்வழுத்தம். எங்கள் வாரியத்தில் தாழ்வழுத்தம் என்றால் தெருவில் போகிற, வீட்டுக்கு வருகிற மின்சாரம், உயரழுத்தம் என்றால் 11,000 வோல்ட். வாரியத் தமிழில் பழகியவர் 'தாழ்வழுத்த' என்று பார்த்ததும் வீட்டு மின்சாரத்துக்கு ஆனது என்று 24 வோல்ட் கருவியை 240-இல் கொடுத்துவிடுவார், கருவி கருகிவிடும். அதைப் பயன்படுத்த வேண்டுமானால் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் சேர்ந்த ரிலே, அதாவது 24 வோல்ட்டால் 240 வோல்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், வேண்டும்.

மூன்றாவது, திறன் என்றால் பாடப்புத்தகத்தில் வாட். 2000 வாட் ஹீட்டர் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்று விளக்கும் அதே பக்கத்தில் 'திறன்' வேறு பொருளில் வந்தால் என்ன ஆகும்?

துரைப்பாக்கத்திலிருந்து:

அக்கா, நேராகத் தெர்மோஸ்டாட் என்றே விட்டுவிடலாமே? எங்கள் வீட்டு கீசரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனும் தெர்மோஸ்டாட் போயிடுச்சு என்றுதான் சொன்னார். கடையிலும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

பெரம்பூரிலிருந்து:

தம்பி, சென்னைக்குச் சரி. ஆனால் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர், அவர்கள் டொரண்டோவை ரொறன்ரோ என்றும் ஹீட்டரை ஹீற்றர் என்றும் எழுதுபவர்கள். நான் தெர்மோஸ்டாட் என்று எழுதினால் அது சென்னை எழுத்து, அவர்களுக்குத் தெர்மோஸ்ராற். கடன்சொல்லிலேயே இரண்டு கட்சி. தமிழ்ச்சொல் ஒன்றுதான் இருவருக்கும் பொதுவாக நிற்கும். சார் சொன்ன மூன்றையும் மாற்றிவிடுகிறேன். வெப்பக்காப்பி என்று ஒன்று யோசித்தேன், ஆனால் வெப்பக்காப்பு என்றால் சுவருக்குள் அடைக்கிற பஞ்சு, அதுவும் இதே கையேட்டில் வருகிறது. வெப்பச் சீராக்கி?

தாம்பரத்திலிருந்து:

ஸ்மார்ட்டுக்குச் சூட்டிகை என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குத் தடை இல்லை. சுடு, சூடு, சுடர், சூட்டிகை எல்லாம் ஒரே வேர் என்பது என் எண்ணம். சுட்டிப் பிள்ளை என்கிறோமே, அந்தச் சுட்டியும் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

துரைப்பாக்கத்திலிருந்து:

ஐயா, சுட்டி இப்போது கணினி மவுஸ். சீராக்கி என்றாலும் எனக்கு ஃபேன் ரெகுலேட்டர்தான் நினைவுக்கு வருகிறது. அது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், இது போடும், அணைக்கும், அவ்வளவுதானே?

அம்பத்தூரிலிருந்து:

பழைய வகை அப்படித்தான் தம்பி. இஸ்திரிப் பெட்டியில் பார்த்திருப்பாய், விரிவு வேறுபட்ட இரண்டு உலோகத்தை ஒட்டிய தகடு, சூடேறினால் ஒரு பக்கமாக வளைந்து 'டிக்'கென்று தொடர்பை விடும், ஆறினால் திரும்ப ஒட்டும். இப்போது வரும் மின்னணு வகைகளில் சில, சில வினாடிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கின்றன, அறைச் சூடு அரை டிகிரி கூட அலைவதில்லை. சீராக்கி பொருந்துகிற சொல்தான். என் வாக்கு அதற்கு.

ஆனால் சுவரோடு இணைத்த ஹீட்டருக்கு 'நேர்' எதையும் சேர்க்காதீர்கள், நேர்மின்னோட்டம் என்று படித்துவிடுவார்கள். 'மின்தடை' என்ற ஒரே சொல் மாணவருக்கு ஒன்றாகவும், கரண்ட் போனவருக்கு வேறாகவும் இருப்பது போதும், இன்னொன்று வேண்டாம்.

பெரம்பூரிலிருந்து:

நேரமாகிவிட்டது, இப்படிப் போட்டு அனுப்புகிறேன். ஹீட்டர் 'சூடாக்கி', பிளக் இல்லாதது 'சுவரிணைப்புச் சூடாக்கி', கருவி 'சூட்டிகை வெப்பச் சீராக்கி'. முதல் பக்கத்தில் மட்டும் 'தெர்மோஸ்டாட்', 'தெர்மோஸ்ராற்' இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உயர், தாழ் இரண்டையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் '240 வோல்ட் வகை', '24 வோல்ட் வகை'. பிரேக்கர் எச்சரிக்கையை ஒவ்வொரு படத்துக்கும் மேலே தடித்த எழுத்தில் வைக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

தாம்பரத்திலிருந்து:

அனுப்புங்கள் அம்மா, வேலை நிற்கக் கூடாது. எண்களைப் போட்டது நல்ல முடிவு. ஆனால் சீராக்கியை நான் ஏற்கவில்லை. மின்விசிறிக்கும் அதுவே, மின்னழுத்தத்துக்கும் அதுவே, இப்போது வெப்பத்துக்கும் அதுவே என்றால் நாளைக்கு இந்த மூன்றும் ஒரே பலகையில் வரும்போது எதை எப்படிப் பிரிப்பீர்கள்? வெந்நிலைப்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை. என் வகுப்பில் நான் அதைத்தான் எழுதப்போகிறேன்.