அண்டார்க்டிகாவில் கிரில் பிடிப்பதை அடியோடு நிறுத்த வேண்டுமா?

வெண்ணிலா:
1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான உடன்படிக்கை அண்டார்க்டிகாவில் சுரங்கத் தொழிலைத் தடைசெய்தது. நிலத்துக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது, கடல் திறந்தே கிடக்கிறது. பென்குவின், சீல், திமிங்கிலம் எல்லாவற்றுக்கும் இரையான கிரில், விரல் நீளமே உள்ள இறால் போன்ற உயிரி, லட்சக்கணக்கான டன் அள்ளப்பட்டு வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகவும் எண்ணெய் மாத்திரையாகவும் போகிறது. இதை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதே என் கட்சி.

சேகர்:
கணக்கையும் பாருங்கள். தென்பெருங்கடலின் அட்லாண்டிக் பக்கத்தில் மட்டும் 6 கோடி டன்னுக்கு மேல் கிரில் இருப்பதாக 2019 கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அங்கே ஓராண்டுக்கு அனுமதி 6.2 லட்சம் டன். நூற்றுக்கு ஒரு பங்கு! 2025இல் அந்த வரம்பைத் தொட்டதும் ஆகஸ்டிலேயே மீன்பிடிப்பை மூடிவிட்டார்கள். கிரிலை நிறுத்தினால் தீவனத்துக்கு வேறு கடலில் நெத்திலியை அள்ளுவார்கள். அந்தக் கடலுக்காக யார் பேசுவது?

வெண்ணிலா:
நூற்றுக்கு ஒன்று என்பது பரந்த கடலுக்கான கணக்கு. கப்பல்கள் பரந்த கடலிலா நிற்கின்றன? தீபகற்பத்தை ஒட்டிய பிரான்ஸ்ஃபீல்டு நீரிணை போன்ற இடங்களில் மொய்க்கின்றன. குஞ்சுக்கு இரையூட்டும் பென்குவின் வெகுதூரம் போய்வர முடியாது. எங்கோ கிடக்கும் கோடி டன்னால் அதற்கு என்ன பயன்?

பிடிக்கும் முறையையும் பாருங்கள். சில கப்பல்களில் வலையை மேலே இழுப்பதே அரிது. வலை நீருக்குள்ளேயே கிடக்க, அதன் கடைமுனையில் பொருத்திய குழாய் வழியே கிரிலை இடைவிடாமல் உறிஞ்சி மேலேற்றுகிறார்கள். செத்த கிரிலை அதன் செரிமான நொதிகளே கரைத்துவிடும் என்பதால் அரைக்கும் ஆலையும் கப்பலிலேயே இருக்கிறது. கிரில் வலைகளில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சிக்கிச் செத்ததும் பதிவாகியிருக்கிறது.

பிடிப்பு ஒரே இடத்தில் குவியாதபடி பகுதிவாரியாகப் பிரித்த விதி 2024இல் காலாவதியானது. நாடுகள் அதைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த ஆண்டே, முதல்முறையாக, மொத்த வரம்பும் தீர்ந்தது. நீங்கள் பெருமையாகச் சொல்லும் ஆகஸ்ட் மூடல் அதன் விளைவுதான்.

அருள்மொழி:
நியாயம் வெண்ணிலா பக்கம். ஆனால் முழுத்தடை எப்படிக் கிடைக்கும்? அண்டார்க்டிகக் கடல் உயிர்வளங்களுக்கான ஆணையத்தில் ஓர் உறுப்பு நாடு மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். ராஸ் கடல் காப்பகத்துக்கு 2016இல் ஒப்புதல் கிடைப்பதற்குள் பல ஆண்டுகள் மன்றாட வேண்டியிருந்தது. கிழக்கு அண்டார்க்டிகா, வெடல் கடல் காப்பகத் திட்டங்கள் சீனா, ரஷ்யா எதிர்ப்பால் இன்னும் நிற்கின்றன.

வெண்ணிலா:
சுரங்கத்துக்கும் இதையேதான் சொன்னார்கள். 1988இல், ஒழுங்குபடுத்தித் தோண்டலாம் என்று வெல்லிங்டனில் ஒப்பந்தமே தயாராகிவிட்டது. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவும் பிரான்சும் அதை ஏற்க மறுத்தன. அதன்பின் இரண்டே ஆண்டில் முழுத்தடை வந்தது. அன்றும் ஒருமித்த முடிவுதான் விதி.

சேகர்:
அன்று அங்கே ஒரு சுரங்கமும் இல்லை. இல்லாத தொழிலைத் தடுப்பது வேறு, நார்வேயும் சீனாவும் முதல் போட்டு நடத்தும் தொழிலை மூடுவது வேறு. பகுதிவாரிப் பங்கீடு திரும்ப வர வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். 2018 முதல் கப்பல் நிறுவனங்கள் பென்குவின் வாழிடங்கள் சிலவற்றைச் சுற்றித் தாமாகவே ஒதுங்குகின்றன. அதைச் சட்டமாக்குங்கள், அதற்கும் சம்மதம். முழுத்தடைக்கு மட்டும் என் ஆதரவு இல்லை.