கலைச்சொல்: ‘கவுண்டர் சேர்வைலன்ஸ்’ – எதிர்க்கண்காணிப்பா, வேவுக்காப்பா?

வெள்ளவத்தையிலிருந்து (மொழிபெயர்ப்பு):

வணக்கம். ஊடகவியலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டின் தமிழ் வரைவில் ‘கவுண்டர் சேர்வைலன்ஸ்’ (நம்மை யாரும் வேவு பார்க்கிறார்களா என்று கண்டறிந்து சமாளிப்பது) என்ற சொல்லுக்கு ‘எதிர்க்கண்காணிப்பு’ என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இங்கே இலங்கையில் கண்காணிப்பு என்றால் தேர்தல் கண்காணிப்பு, 2002 போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு. நல்ல காரியத்துக்கு வழங்கும் சொல். ‘எதிர்’ சேர்த்தால் அந்தக் குழுவை எதிர்த்து ஊர்வலம் போவதுபோல் இருக்கிறது. பொலிஸ் செய்வதைப் பொதுமக்கள் கைபேசியில் படம்பிடிக்கிறார்களே, அதற்குத்தான் ‘எதிர்க்கண்காணிப்பு’ பொருந்தும், அதற்கென்று விட்டுவைக்கலாம். என் முன்மொழிவு ‘வேவுக்காப்பு’. தீக்காப்பு மாதிரி, சின்னச் சொல்.

தெஹிவளையிலிருந்து (மின்னணுவியல்):

அக்கா, ‘வேவு’ சரி, ‘காப்பு’தான் இடிக்கிறது. காப்பு என்று அச்சடித்தால் வாசிப்பவர் காப்பைத் தேடிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்பொருட் கடைகளுக்குப் போவார். கையடக்க ‘பக் டிடெக்டர்’ (ஒளித்துவைத்த ஒட்டுக்கேட்புக் கருவியைக் காட்டும் பொறி) ஒன்றை வாங்குவார். வீட்டில் அதைப் போட்டதும் அலறும். அது கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு வைஃபை ரவுட்டரை. அந்த மலிவுக் கருவிகள் எந்த ரேடியோ அலைக்கும் ஒரே மாதிரித்தான் கத்தும். எது என்று பிரித்துச் சொல்ல அவற்றால் ஏலாது.

முறையாகப் பார்ப்பதென்றால், முதலில் சொந்த ரவுட்டர், கைபேசிகள், புளூடூத் ஸ்பீக்கர், கம்பியில்லா மவுஸ் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும். பிறகும் எவ்வளவு அளவீடு மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். மாடிக்குடியிருப்பில் அது பூச்சியமாக வராது. அறையில் வானொலியைப் பேசவிட்டு வையுங்கள், ஏனென்றால் குரல் கேட்டால்தான் விழிக்கும் கருவிகள் உண்டு. அதன்பின் சுவர், பிளக் பொயின்ற், மேசையின் அடிப்பக்கம் என்று சாணளவு நெருக்கத்தில் மெதுவாக நகர்த்தவேண்டும். வாசலில் நின்று சுற்றிக் காட்டுவதில் பயனில்லை. சிம் போட்ட கருவி தொடர்ந்து அலை விடாது. ஒலியைச் சேர்த்துவைத்து இரவில் ஒரே மூச்சில் அனுப்பக்கூடும். ஆகவே பகலில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுப்பவரை நம்பவேண்டாம். மெமரி கார்டில் பதிந்து மட்டும் வைக்கும் கருவியை இந்த வழியில் எத்தனை நாள் தேடினாலும் காணமுடியாது.

பழைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. 1945இல் மொஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாக வந்த மரச் சின்னத்துக்குள் சோவியத் கண்டுபிடிப்பாளர் தெரெமின் வடிவமைத்த ஒலிவாங்கி இருந்தது. அதில் மின்கலமே இல்லை. வெளியிலிருந்து அலை பாய்ச்சும்போது மட்டும் உயிர்பெறும். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அலை விடாததையும் காட்டும் பொறி ஒன்று இருக்கிறது. ஓர் அலையை அனுப்பி, திரும்பி வருவதில் அதன் இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்களைப் பார்க்கும். இருமடங்கு ஓங்கினால் அரைகடத்தி, அதாவது மின்னணுச் சில்லு. மும்மடங்கு ஓங்கினால் பெரும்பாலும் துரு. கொழும்பின் காலி வீதிக்குக் கடல்பக்கம் உள்ள கட்டடங்களில் இந்த வேறுபாடு தெரியாதவர் படாதபாடு படுவார்: உப்புக்காற்றில் துருவேறிய ஆணி, ஜன்னல் கம்பி எல்லாமே பேசும். சந்தேகமான இடத்தை ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு என்றால் அளவீடு துள்ளும், சில்லு என்றால் அசையாது. விலை கூடிய பொறி, பழகிய கை வேண்டும். எங்கள் பட்டியலுக்கு இதை ‘அரைகடத்தி உணரி’ என்கிறேன்.

இவ்வளவு செய்தும் கிடைப்பது அறிதல் மட்டுமே. ஆகவே ‘வேவறிதல்’.

கொட்டாஞ்சேனையிலிருந்து (இதழியல்):

அண்ணை சொன்ன நியாயம் சரி, சொல் சரியில்லை. ‘வேவறிதல்’ என்றால் வேவு பார்த்து அறிதல் என்றும் பிரியும். ஒற்றனுடைய வேலையையே ஒற்றனைப் பிடிப்பவருக்குச் சூட்டுகிறோம். ‘வேவு கண்டறிதல்’ என்று நீட்டினால் அந்தச் சிக்கல் பாதி தீரும்.

இன்னொன்று: ஆங்கிலத்திலேயே இரண்டு வேலைகள் குழம்பிக் கிடக்கின்றன. பின்தொடரப்படுபவர் தானே செய்வது ஒன்று. அவருக்காக வேறொருவர் தள்ளி நின்று பார்ப்பது மற்றது. துறைசார்ந்தோர் பலர் ‘கவுண்டர்’ என்பது இந்த இரண்டாவதைத்தான். முதலாவதை ‘தொடர்வு உணர்தல்’, இரண்டாவதை ‘தொடர்வு நோட்டம்’ எனலாம். தொடர்கிறார்களா என்று பார்க்கும் வழி: வேறுவேறு நேரம், வேறுவேறு இடம், வேறு திசை. மூன்றிலும் அதே முகமோ அதே வாகனமோ வந்தால்தான் கணக்கு. 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் ஒரே முகம் தெரிவதில் அதிசயமில்லை, எல்லாரும் காலி வீதியால்தான் போகிறார்கள். காரணமில்லாமல் ஒரு குறுக்கு ஒழுங்கையால் கடலோர மெரைன் டிரைவுக்கு இறங்கி, அடுத்த ஒழுங்கையால் திரும்பி ஏறும்போதும் அதே மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தால் இலக்கத்தைக் குறியுங்கள். திடீர் ஓட்டம், யூ டர்ன் வேண்டாம்: நீங்கள் உணர்ந்துவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அறையில் கருவி பார்ப்பதற்கு மட்டும் ‘தேடுதல்’ போடாதீர்கள். கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டாலே போர்க்காலச் சுற்றிவளைப்பும் அடையாள அட்டைச் சோதனையும்தான் நினைவுக்கு வரும். ‘ஒட்டுக்கருவி அலசல்’ நல்லது.

வெள்ளவத்தையிலிருந்து:

‘அலசல்’ பிடித்திருக்கிறது. ‘காப்பை’ மீளப் பெறுகிறேன். கைபேசிப் பக்கம் யாராவது எழுதுங்கள். வரைவில் ‘ஸ்டார் ஹாஷ் 21 ஹாஷ் (*#21#) அழுத்தினால் ஒட்டுக்கேட்பு தெரியும்’ என்று இருக்கிறது.

தெஹிவளையிலிருந்து:

அதை உடனே வெட்டுங்கள். அந்த எண் காட்டுவது அழைப்புத் திருப்பல் (வரும் அழைப்பை வேறு எண்ணுக்கு அனுப்புவது) போட்டிருக்கிறதா என்பதை மட்டும். ஒட்டுக்கேட்பு தொலைபேசி நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நடந்தால் உங்கள் கைபேசியில் எந்த அடையாளமும் வராது. வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றும் செய்தி இது. மூன்று ஒற்றர் ஒருவரையொருவர் அறியாமல் சொன்னது ஒத்தால் நம்பு என்கிறது குறள். இங்கே முப்பது தளம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறது, ஒற்றன் ஒருவன்தான். எந்த வழிகாட்டியிலும் கடைசியாகத் திருத்திய திகதி, ‘இது இன்னதைக் கண்டுபிடிக்காது’ என்ற வரி, எழுதியவர் கருவி விற்பவரா என்ற மூன்றையும் பாருங்கள்.

ஏர்டேக் (பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்பிளின் சின்ன டேக்) பற்றிய பந்தியில் சேர்க்க: ஐபோனும் அன்ட்ரொயிடும் உடன்வரும் அந்நிய டேக்கைப் பற்றி எச்சரிக்கும், ஆப்பிள், கூகிள் இரு நிறுவனங்களின் பொது ஏற்பாடு 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. டேக் எழுப்பும் சத்தத்தை மட்டும் நம்பக்கூடாது, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டும் வைப்பார்கள். டேக் கிடைத்தால் முதலில் அது இருந்த இடத்தோடு படம் எடுங்கள். என்எஃப்சி (தொட்டுப் படிக்கும் வசதி) உள்ள கைபேசியால் தொட்டால் தொடரெண் வரும், அதையும் எடுங்கள். அதன்பிறகே முதுகுமூடியை அழுத்தி இடப்பக்கம் திருப்பி சிஆர்2032 மின்கலத்தைக் கழற்றுவதா என்று யோசியுங்கள், கழற்றினால் வைத்தவருக்கு இடம் வராமல் போவதே ஒரு செய்தி. வீட்டுக்குள் ஆபத்து இருப்பவர் அதற்குமுன் நம்பகமான ஒருவரிடம் பேசவேண்டும். சிம் போட்ட ஜிபிஎஸ் கருவியை இந்த எச்சரிக்கை காட்டாது. காருக்கு அடியில், சக்கர வளைவில், ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி (வாகனப் பழுதறியும்) பொயின்ற்றில் கையால்தான் தடவவேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அப்படியானால் பட்டியலுக்கு: தொடர்வு உணர்தல், தொடர்வு நோட்டம், ஒட்டுக்கருவி அலசல், அரைகடத்தி உணரி. அத்தியாயத் தலைப்புக்குப் பொதுச்சொல் வேண்டுமென்றால் ‘வேவு எதிர்கொள்ளல்’. ‘எதிர்ப்புலனாய்வு’ பக்கம் போகவேண்டாம், அது அரச உளவுத்துறைகள் தங்களுக்குள் ஆடும் ஆட்டத்துக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘தொடர்வு நோட்டம்’ பேச்சில் நிற்குமா என்பதில்தான் எனக்கு இன்னும் ஐயம், ‘நோட்டம் விடுதல்’ என்றால் நம் ஆட்கள் வேறு பொருள் எடுப்பார்கள். மாற்று இருந்தால் வரைவு அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.