உப்புவெளி வீட்டார் குழு: மாமியின் சேமலாப நிதி

ஜெயா மாமி: பிள்ளைகள், சேமலாப நிதிக் காசு வந்துவிட்டது. 30 இலட்சம். ஒரு ஃபினான்ஸ் கம்பனியில் வட்டி கூடவாம், பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறா. போடட்டா?

குமரன்: மாமி, கொஞ்சம் பங்கும் வாங்குங்கோ. விலை விழுந்து கிடக்கிறது, இப்பதான் மலிவு.

வாணி: முதலில் நீ வாங்கினதன் நிலைமையைச் சொல் 😂

குமரன்: சிவப்புத்தான். விற்காத வரைக்கும் நட்டம் இல்லையாம், புரோக்கர் சொன்னார்.

சிவா சித்தப்பா: கம்பனி நன்றாக உழைத்தால் அது சரி. கம்பனியே படுத்தால் விலை எங்கிருந்து திரும்பி வரும்? 2022 ஜனவரியில் கொழும்புப் பங்குச் சந்தையின் மொத்த விலைப் போக்கைக் காட்டுகிற சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் 8 மத்திய வங்கி, மற்ற வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசு அறிவித்தது. சும்மா வைப்பில் போட்டாலே நல்ல வட்டி வரும்போது பங்கை யார் வைத்திருப்பார்? கடனுக்குப் பங்கு வாங்கினவர்கள் கடனை அடைக்க விற்க, விலை இன்னும் இறங்கியது. ஒரு கிழமை சந்தையையே மூடினார்கள். திறந்ததும் மறுபடி விழுந்து, மாதம் முடியும்போது 8,000க்குக் கீழ்.

வாணி: பிறகு ஏறினதுதானே சித்தப்பா?

சிவா சித்தப்பா: ஏறியது. பழைய உச்சத்தைத் தாண்ட 2024 டிசம்பர் ஆனது. குமரனுக்கு 27 வயது, இருந்து பார்ப்பான். மாமிக்கு அடுத்த வருடம் கண் ஒப்பரேஷன்.

ஜெயா மாமி: அப்ப ஃபினான்ஸ் கம்பனி?

சிவா சித்தப்பா: உரிமம் உள்ளதா என்று மத்திய வங்கிப் பட்டியலில் பாருங்கோ, திருகோணமலையிலேயே அவர்களுடைய அலுவலகம் இருக்கிறது. உரிமம் இருந்தாலும், கம்பனி படுத்தால் போட்ட காசுக்குக் கிடைக்கிற வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். 2020இல் சில கம்பனிகளின் உரிமம் போனபோது அந்த எல்லை 6 இலட்சம். அதற்கு மேல் போட்டவர்கள் பட்ட பாடு தெரியும்தானே.

வாணி: தேசிய சேமிப்பு வங்கி?

சிவா சித்தப்பா: அங்கே முழு வைப்புக்கும் அரசு உத்தரவாதம். என்னைக் கேட்டால் அதில் 18 இலட்சம், இலங்கை வங்கி அல்லது மக்கள் வங்கியில் 10 இலட்சம். மிச்சம் 2 இலட்சம் சேமிப்புக் கணக்கில், ஒப்பரேஷனுக்கு. வட்டியை மாதாமாதம் எடுக்கிற மாதிரிக் கேளுங்கோ.

குமரன்: வட்டியில் 10 சதவீதம் வரி வெட்டுவார்களே?

சிவா சித்தப்பா: வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வருமானம் அவ்வளவுதான் என்று நாங்களே எழுதிக் கொடுக்கிற சுயபிரகடனப் படிவத்தை வங்கியில் கொடுக்கலாம், வெட்டமாட்டார்கள். பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஜெயா மாமி: சரி. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வருவேன், அப்படியே வங்கிக்கும் போகலாம். குமரன், மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போ. வழியில் பங்குக் கதை வேண்டாம்.