புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 மறுபடி போட முடியவில்லை, டிஸ்க் பட்டியலே காலி

கரிக்கோடு:
புது லேப்டாப். இன்டெல் 13ஆம் தலைமுறை பிராசஸர், 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான வகை டிஸ்க்). கூடவே வந்த விண்டோஸ் 11 ஹோமில் சோதனைக்கால ஆன்டிவைரஸும் யாரும் கேட்காத விளையாட்டுகளும் அடைந்து கிடந்தன. ஒவ்வொன்றாக நீக்குவதைவிடச் சுத்தமாக மறுபடி போட்டுவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட் மீடியா கிரியேஷன் டூலில் பென்டிரைவ் தயார் செய்தேன். பூட் ஆகிறது, மொழி கேட்கிறது, எல்லாம் சரி. விண்டோஸை எங்கே போடுவது என்று கேட்கும் திரைக்கு வந்ததும் பட்டியல் காலி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, லோட் டிரைவரை அழுத்து என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது. டச்பேடும் அசையவில்லை, யுஎஸ்பி மவுஸ்தான் கதி.

பென்டிரைவைக் கழற்றினால் பழைய விண்டோஸ் ஒரு குறையும் இல்லாமல் ஏறுகிறது. ஒரு வீடியோவில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் விஎம்டி என்பதை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தேன், செட்டப்பில் டிஸ்க் தெரிந்தது. அழிக்கும் முன் சில ஃபைல்களை எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய விண்டோஸுக்குத் திரும்பினால் நீலத்திரை, 'இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்'. திரும்ப விஎம்டியை ஆன் செய்ததும் சரியாகிவிட்டது. இப்போது எதைத் தொடவும் கை வரவில்லை. எஸ்எஸ்டியில் கோளாறா?

மின்மினி:
எஸ்எஸ்டி போயிருக்கும். புதுசு என்றால் வாரன்டியில் மாற்றி வாங்கிவிடுங்கள்.

திருப்புளி:
மாற்ற வேண்டாம். பழைய விண்டோஸ் அதே எஸ்எஸ்டியிலிருந்துதானே ஏறுகிறது? அப்புறம் அது எப்படிப் போயிருக்கும்!

புது லேப்டாப் வாங்கியதும் முதல் வேலையாக விண்டோஸை அழிக்கும் வியாதி எனக்கும் உண்டு, அதனால் இந்தக் காலிப் பட்டியல் நல்ல பழக்கம். விஷயம் இதுதான். விஎம்டி (வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்) என்பது என்விஎம்இ டிஸ்க்குகளை நிர்வகிக்கும் வசதி, முதலில் சர்வர்களுக்காக இன்டெல் கொண்டுவந்தது. 2020இல் வந்த 11ஆம் தலைமுறையிலிருந்து லேப்டாப்களுக்கும் இறங்கியது. அது ஆனில் இருந்தால் என்விஎம்இ டிஸ்க் நேராகக் கண்ணில் படாது, விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் நிற்கும். அந்தக் கன்ட்ரோலரோடு பேசும் டிரைவர் உங்கள் பென்டிரைவில் இருக்கும் செட்டப்பில் இல்லை. லேப்டாப் நிறுவனம் தானே போட்டுத் தந்த விண்டோஸில் இருக்கிறது. விஎம்டியை அணைத்தால் கதை தலைகீழ். செட்டப் தன்னிடம் உள்ள சாதாரண என்விஎம்இ டிரைவரால் டிஸ்க்கைப் பார்த்துவிடும், பழைய விண்டோஸோ விஎம்டி வழியாகத் தேடிப் பார்த்துவிட்டு நீலத்திரை காட்டும். நீங்கள் பார்த்த இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகம்.

விஎம்டி ஆனிலேயே இருக்கட்டும். உங்கள் மாடலின் சப்போர்ட் பக்கத்தில் இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி (ஆர்எஸ்டி) டிரைவர் இருக்கும், அந்தக் கன்ட்ரோலரோடு பேசுவது அதுதான். உங்கள் தலைமுறைக்கு உரியதையே எடுங்கள், வேறு தலைமுறைக்கானது ஒத்துப்போகாமல் போகலாம். அதைப் பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, செட்டப்பில் லோட் டிரைவர் கொடுத்து, அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். டிஸ்க் வந்துவிடும்.

அதற்கு முன் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் ஹோமிலும் டிரைவ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) தானாக ஆன் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. பயாஸில் கை வைத்தால் 48 இலக்க ரிகவரி கீ கேட்கக்கூடும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். டச்பேடைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்கும் டிரைவர்தான் குறை.

கரிக்கோடு:
மிக்க நன்றி அண்ணே. ஃபைல் எல்லாம் எடுத்தாயிற்று, கீயும் எழுதி வைத்தேன். டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் போட்டு ஃபோல்டரைக் காட்டினால், கையொப்பமுள்ள டிரைவர் எதுவும் இல்லை என்கிறது. ஃபோல்டருக்குள் 'செட்டப் ஆர்எஸ்டி' என்று ஒரே ஒரு ஈஎக்ஸ்ஈ ஃபைல்தான் இருக்கிறது.

திருப்புளி:
அது பொட்டலம், பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். பழைய விண்டோஸில் அந்த ஃபைல் இருக்கும் இடத்தில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து, ஃபைல் பெயருக்குப் பின் ஓர் இடம் விட்டு, ஒரு ஹைஃபன் போட்டு 'எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்' என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடியுங்கள். மறுபடி ஓர் இடம் விட்டு ஏதாவது ஒரு ஃபோல்டர் பெயர். உள்ளே விஎம்டி என்ற பெயரில் ஒரு துணை ஃபோல்டர் விரியும், அதில் 'ஐஏஸ்டோர்விடி' என்று ஒரு ஐஎன்எஃப் ஃபைல் இருக்கும். செட்டப் தேடுவது அதைத்தான். அந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்கு மாற்றுங்கள்.

படிக்கட்டு:
இவ்வளவு சுற்று எதற்கு? ஃபைல்தான் வெளியே வந்தாயிற்றே. விஎம்டியை அணைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் முடிந்தது. ஒரே எஸ்எஸ்டி, பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் ரெய்டும் கிடையாது.

திருப்புளி:
தாராளமாகச் செய்யலாம், தப்பில்லை. எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் வேறு. நாளைக்கு பயாஸ் அமைப்புகள் ஏதோ காரணத்தால் ஆரம்ப நிலைக்குத் திரும்பினால் விஎம்டி மீண்டும் ஆன் ஆகிவிடும், அன்றைக்கு இதே நீலத்திரை வரும். இரண்டு வருஷம் கழித்து யாருக்கு இது ஞாபகம் இருக்கும்? தவிர எல்லா பயாஸிலும் அந்த ஆப்ஷன் கண்ணில் படாது. சிலவற்றில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் தலைகாட்டும்.

கரிக்கோடு:
டிஸ்க் வந்துவிட்டது! இப்போது டிஸ்க் 0 என்று நான்கு பார்ட்டிஷன்: 260 எம்பி சிஸ்டம், 16 எம்பி எம்எஸ்ஆர், பெரியது ஒன்று, கடைசியில் ரிகவரி. கீழே டிஸ்க் 1 என்று வேறு ஒன்று. எதை அழிப்பது?

திருப்புளி:
டிஸ்க் 1 உங்கள் பென்டிரைவ், அதன் பக்கம் போகாதீர்கள். அளவைப் பார்த்தாலே தெரியும். லேப்டாப்போடு வந்த பழைய நிலைக்கே என்றாவது திரும்ப வேண்டும் என்று தோன்றினால், இப்போது வெளியே வந்து நிறுவனத்தின் ரிகவரி பென்டிரைவ் ஒன்று செய்துகொள்ளுங்கள். அது தேவையில்லை என்றால் டிஸ்க் 0இல் உள்ள நான்கையும் டெலீட் செய்யுங்கள். ஒதுக்கப்படாத இடம் என்று ஒரே வரி மிஞ்சும். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள், வேண்டிய பார்ட்டிஷன்களை செட்டப்பே போட்டுக்கொள்ளும். புராடக்ட் கீ தேட வேண்டாம், அது மதர்போர்டு ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. ஹோம் தானாகவே தேர்வாகிவிடும்.

கரிக்கோடு:
ஏறிவிட்டது. ஆனால் நெட்வொர்க்கோடு இணை என்ற திரையில் நிற்கிறது. வைஃபை ஒன்றுகூடத் தெரியவில்லை.

திருப்புளி:
எதிர்பார்த்ததுதான். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதைக் கேபிள் இன்டர்நெட் மாதிரி எடுத்துக்கொள்ளும், டிரைவர் கேட்காது. டெஸ்க்டாப் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள், பெரும்பாலும் வைஃபையும் டச்பேடும் அதிலேயே வந்துவிடும். வராமல் நின்றதை மட்டும் சப்போர்ட் பக்கத்திலிருந்து எடுங்கள். அங்கே இருக்கும் எல்லாவற்றையும் இறக்கிப் போடாதீர்கள், நீங்கள் விரட்டிய ஆன்டிவைரஸும் அந்தப் பட்டியலில் இருக்கலாம்.