‘பிகினிங் ஃபார்மர்’: இளம் உழவரா, புது உழவரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் சிறிய பண்ணைக்காரர்களுக்கும் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் எப்படிப் பயிற்சி நடத்துவது என்று சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

‘பிகினிங் ஃபார்மர்’ என்பதற்கு ‘இளம் உழவர்’ என்று ஒரு நண்பர் சொன்னது காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொருள் தப்பு. அந்நாட்டு வேளாண் துறை இதில் வயதைப் பார்ப்பதில்லை. பண்ணையைத் தன் பொறுப்பில் நடத்தத் தொடங்கி 10 ஆண்டுக்கு மேல் ஆகாதவர் எவரும் இந்தக் கணக்கில் வருவார். 2022 கணக்கெடுப்பில் இவர்களுடைய சராசரி வயதே 47. ஓய்வு பெற்று நிலம் வாங்கியவரை ‘இளம் உழவரே, வருக’ என்று அழைத்தால் அவரே சிரித்துவிடுவார். ‘தொடக்கநிலை உழவர்’ என்றால் தொடக்கப்பள்ளி வாசனை. புத்தாண்டு போல ‘புத்தேர் உழவர்’ என்று கட்டிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டியதும் ‘எந்த ஊர்த் தேர்?’ என்று கேட்டார்கள். சரி, ‘புது உழவர்’ போதும்.

‘சிறு விவசாயி’யும் இங்கே ஆகாது. நம் காதில் அது 1 முதல் 2 ஹெக்டேர் வைத்திருப்பவர். அதற்குக் கீழே குறு விவசாயி. அங்கே அளவுகோல் நிலமே இல்லை: பண்ணையின் ஆண்டு மொத்தப் பண வரவு 3,50,000 டாலருக்குள் இருந்தால் சிறியது. அதனால் ‘சிறுபண்ணை’ என்று தனியாக வைத்திருக்கிறேன்.

‘ஒர்க்‌ஷாப்’புக்குப் பட்டறை என்பது நகரத்தில் எடுபடும். பெரம்பலூர்ப் பக்கம் போய்ச் சொன்னால் சின்ன வெங்காயம் சேமிக்கும் பட்டறைதான் நினைவுக்கு வரும். ‘பயிலரங்கு’ நல்ல சொல்தான், ஆனால் கையேடோ பாதி நேரம் யாராவது ஒருவருடைய வயலில் நில்லுங்கள் என்கிறது, அரங்கு எங்கே? ‘வயல்வெளிப் பள்ளி’ என்பது 1989இல் இந்தோனேசிய நெல் வயல்களில் பிறந்த முறை. விதைப்பு முதல் அறுவடை வரை வாராவாரம் கூடுவது அது. ஒருநாள் நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. அழைப்பிதழில் எல்லாரும் போடுகிற ‘ஒருநாள் பயிற்சி’யே இருக்கட்டும்.

நான் கொஞ்சம் ஆசையோடு கேட்பது இன்னொன்று. புதியவர் ஒவ்வொருவரையும் அனுபவசாலி ஒருவரோடு சேர்த்துவிடும்படி கையேடு சொல்கிறது. அந்த ‘மென்டர்’ பாத்திரத்துக்கு ‘வழிகாட்டி’ என்று எழுதினால் புத்தகமும் வழிகாட்டி, ஆளும் வழிகாட்டி. ஒரே பத்தியில் நான்கு தடவை வருகிறது. ‘முன்னேர் போன வழியே பின்னேர்’ என்று நம்மிடம் பழமொழி இருக்கிறதே. அவரை ‘முன்னேர் உழவர்’ என்றால் என்ன? முதல் சால், அதாவது முதல் உழவுத் தடம், போட்டவர் அவர். பின்னால் வருபவர் அதைப் பிடித்து உழலாம், கோணினால் இருவருக்கும் தெரியும்.

ஒரே தயக்கம்: டிராக்டரோடு வளர்ந்தவர்களுக்கு முன்னேர், பின்னேர் என்பது இன்னும் புரிகிறதா? ‘முன்னேறு’ என்பதன் எழுத்துப் பிழையாக எடுத்துக்கொள்வார்களோ? கிராமத்தில் இருப்பவர்கள் யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்.