மகரக்கட்டு (பசங்களுக்கு குரல் உடையற) நேரத்துல பாட்டுப் போட்டிக்கு பேர் குடுத்தாச்சு, இப்ப என்ன பண்றது?

கல்யாணி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் பத்தாவது படிக்கிறான், எட்டு வருஷமா கர்நாடக சங்கீதம் கத்துக்கறான், இது வரைக்கும் 5 கட்டைல (கட்டைன்னா ஸ்ருதியோட உயரம், எண் கூடினா குரல் மேல) தான் பாடிட்டிருந்தான். ஒம்பதாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இங்க ஒரு சபாவுல போட்டி, டிசம்பர் ரெண்டாவது வாரம், ஜூன்லயே பீஸ் கட்டி பேர் குடுத்துட்டோம். பத்து நிமிஷத்துக்குள்ள ஒரு கீர்த்தனை, நிரவல் (ஒரே வரிய விரிச்சு விரிச்சு பாடறது), கல்பனாஸ்வரம் (ஸ்வரத்த கற்பனையா கோத்து பாடறது). கல்யாணி ராகத்துல நிதி சால சுகமா கீர்த்தனைய எழுதி குடுத்திருக்கோம். அப்ப குரல் கம்பி மாதிரி இருந்துச்சு.

நவராத்திரிக்கு பக்கத்து வீட்டு கொலுவுல பாடச் சொன்னாங்க, ஆரம்பிச்சு ரெண்டாவது சங்கதிலயே (அதே வரிய மாத்திப் பாடறது) குரல் படக்குன்னு உடைஞ்சு கீழ விழுந்துடுச்சு, முன்னாடி உக்காந்திருந்த வாண்டுங்க எல்லாம் சிரிச்சிடுச்சுங்க. பாதிலயே நிறுத்திட்டு சுண்டல் கிண்ணத்தோட மாடிப்படில போய் உக்காந்துட்டான். அன்னிலேர்ந்து கிளாஸுக்கு போக மாட்டேங்கறான், ஆனா ராத்திரி பாத்ரூம் கதவ சாத்திட்டு ஸ்ருதி பாக்ஸ் ஆப்ப போட்டு என்னமோ முனகிட்டிருக்கான், எனக்கு கேக்காதுன்னு நெனப்பு. அந்தப் பாட்டுல மமத பந்தன வரில நிரவல் மேல் ஸட்ஜத்துக்கு (மேல் ஸா) போனா காத்து தான் வருது. டீச்சர் ரெஸ்ட் குடுங்கங்கறாங்க, இவங்க அப்பா ஸ்ருதிய கொறச்சு பாடினா போச்சுங்கறார். இன்னும் ஆறு வாரம் தான் இருக்கு. பாட விடலாமா, வேணாமா?

மந்தர_பஞ்சமம்:
அம்மா, நான் இருபது வருஷமா பாட்டு சொல்லிக் குடுக்கறேன், ஒவ்வொரு வருஷமும் ரெண்டு மூணு பசங்க இப்படி வந்து நிப்பாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. இந்த வயசுல குரல்வளை பெருசாகும், உள்ள இருக்கற நாண் நீளமாகி தடிக்கும், அதனால பேச்சு குரலே ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ஒரு ஸாலேர்ந்து அடுத்த ஸா வரைக்கும்) எறங்கிடும், 5 கட்டைல பாடின பையன் கடைசில 1, 1½, 2 அந்தப் பக்கம் வந்து நிப்பான். பொண்ணுங்களுக்கும் மாறும், ஆனா கொஞ்சம் தான், அதனால யாருக்கும் தெரியறதில்ல.

உங்க வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி. ஸ்ருதிய கொறைக்கணும், ஆனா நாம ஒரு கட்டைய முடிவு பண்ணி அதுல அவன பிடிச்சு தள்ளக் கூடாது. காலைல எழுந்து கொஞ்ச நேரம் பேசினதுக்கப்புறம் 3ல ஆரம்பிச்சு அரை அரையா எறக்கிட்டே வரச் சொல்லுங்க, எங்க மந்தர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயி பா) தொண்டைய இறுக்காம வருதோ, மேல் ஸட்ஜமும் கத்தாம தொட முடியுதோ அது தான் இன்னிக்கி அவன் ஸ்ருதி. நாளைக்கு வேற இருக்கலாம், அத எழுதி வச்சுக்கோங்க. ஸரளி வரிசை, அலங்காரம் மாதிரி அடிப்படை பயிற்சி முதல் ரெண்டு காலத்துல (வேகத்துல) மட்டும், தினம் இருபது நிமிஷம் போதும். மேல் ஸ்தாயி வரிசைய இப்ப தொடவே வேணாம். கமகம் (ஸ்வரத்த அசைச்சு பாடறது) எல்லாம் திடீர்னு கனமா வரும், குரல் எங்க உக்காருதுன்னு அவனுக்கே புரியாது, அதுக்கு தான் மெதுவா பாடறது. வலி இருந்தா, ரெண்டு வாரத்துக்கு மேல கரகரப்பு போகலன்னா ஈஎன்டி டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

ஒன்றரைக்கட்டை:
நான் அந்த பையனாவே இருந்தவன், 1998ல. ஒம்பதாவது. எங்க ஊர் போட்டில எல்லாருக்கும் ஒரே தம்புரா, பசங்க 4½ல பாடணும்னு அவங்களே முடிவு பண்ணி வச்சிருந்தாங்க, கேக்க யாருக்கும் தைரியமில்ல, ஜலதோஷம் வேற. கத்தி கத்தி பாடி முடிச்சேன், பரிசும் இல்ல, அதுக்கப்புறம் மூணு மாசம் குரலே எழும்பல. அதவிட மோசம் என்னன்னா மேல போனாலே தொண்டைய இறுக்கற பழக்கம் ஒட்டிக்கிச்சு, அத விடறதுக்கு காலேஜ் முடியற வரைக்கும் ஆச்சு. அதனால போட்டிக்கு போறதோ போகாததோ ரெண்டாம்பட்சம், பழைய ஸ்ருதில மட்டும் பாட விட்டுடாதீங்க.

அப்புறம் அந்த பாத்ரூம் விஷயம். கண்டுக்காதீங்க, கதவ தட்டி நல்லா இருக்குடா கண்ணான்னு சொல்லிடாதீங்க தயவுசெஞ்சு. எங்கம்மா சொன்னாங்க, அன்னியோட அதையும் நிறுத்திட்டேன்.

தக்கு_தொப்பி:
பாட்டுக்காரங்க எல்லாம் பேசியாச்சா, இப்ப மிருதங்கக்காரன் பேசறேன் 😀 ஒரு விஷயத்த யாருமே சொல்லல. 5 கட்டைன்னு எழுதி குடுத்திருந்தா பக்கவாத்தியத்துக்கு வர்றவர் ஹெச்சு (உயர்ந்த) ஸ்ருதி மிருதங்கத்தோட தான் வருவார், அதோட மரம் சின்னது, நீளம் 22 அங்குலம் கிட்ட இருக்கும். மேடைல போய் ஒண்ணரைக்கு எறக்குங்கன்னா வார் தளர்ந்து நாதமே போயிடும். தக்கு (தாழ்ந்த) ஸ்ருதிக்கு 24 அங்குலத்துல வேற மிருதங்கம் எடுத்துட்டு வரணும். அதனால இப்பவே சபாவுக்கு போன் பண்ணி ஸ்ருதி மாறுதுன்னு சொல்லுங்க. வயலின்காரருக்கும் தந்தி மாத்தற வேலை இருக்கும்.

இன்னொண்ணு, குரல் உடைஞ்சா கை உடையல இல்ல? நிதி சால மிஸ்ர சாபு தாளம், ஏழு எண்ணிக்கை. பாடாமயே கைல தாளம் போட்டு ஸ்வரம் சொல்லிப் பழகலாம், வாயால மெல்ல சொன்னா போதும். மமத வரி ஆரம்பிக்கற எடுப்புக்கு சரியா வந்து விழற மாதிரி ஒரே ஒரு கோர்வை (முடிக்கற ஸ்வரக் கணக்கு) சுத்தமா வச்சிருந்தான்னா நான் பாத்த ஜட்ஜுங்க நிமிர்ந்து உக்காருவாங்க. பத்து நிமிஷத்துல நிரவல் ரெண்டு காலம், ஸ்வரம், கோர்வை எல்லாம் அடங்கணும், அத இப்பவே கடிகாரம் வச்சு பாத்துடுங்க, பாதி பசங்க மணி அடிச்சு தான் எறங்கறாங்க.

சும்மா_ரசிகன்:
இவ்ளோ கஷ்டப்படுத்தணுமா? ஹைடன்ங்கற பெரிய மேற்கத்திய இசையமைப்பாளர் மாதிரி ஆளயே 1749ல குரல் உடைஞ்சதும் வியன்னா தேவாலயத்து பாடகர் குழுவில இருந்து வெளிய அனுப்பினாங்க, அவர் என்ன ஆனார்னு ஊருக்கே தெரியும். ஆகாசவாணி இசைப் போட்டியே 16 வயசுல தான் ஆரம்பம், 24 வரைக்கும் இருக்கு. இந்த வருஷம் போனா போகட்டும், விலகிக்கோங்க.

கல்யாணி_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. @சும்மா_ரசிகன் சார், விலகிக்கலாம்டான்னு சொன்னேன், அதுக்கு தான் மொத தடவையா கோவப்பட்டான், யார கேட்டு விலகறீங்கன்னு. சரின்னு விட்டுட்டேன். மந்தர பஞ்சமம் மேடம் சொன்ன மாதிரி நாலு நாளா காலண்டர்ல எழுதறான், 2½, 2, 2, 2. மேல் ஸட்ஜம் தொடுது, அதுக்கு மேல ரிஷபம் போனா சீட்டியடிக்குது. டீச்சர் நிரவல மத்திய ஸ்தாயிலயே வச்சு வேற மாதிரி போட்டுக் குடுக்கறேன்னுட்டாங்க. சபாவுலயும் போன்ல நல்லாவே பேசினாங்க, 2 கட்டைன்னு குறிச்சுக்கிட்டாங்க.

@தக்கு_தொப்பி சார், டிசம்பருக்குள்ள இன்னும் அரை எறங்கி ஒண்ணரைக்கு போயிட்டா மறுபடி போன் பண்ணணுமா? திட்டுவாங்களோன்னு இருக்கு.

தக்கு_தொப்பி:
அரைக்கெல்லாம் கவலையே படாதீங்கம்மா, அதே தக்கு மிருதங்கத்துல கல்லால தட்டி எறக்கிப்பாங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி போய் அவர்கிட்ட பையனையே நேரா சொல்லச் சொல்லுங்க, மாமா எனக்கு ஒண்ணரைன்னு. மேடைல ஏறினதுக்கப்புறம் சொன்னா தான் திட்டுவோம்.