வீட்டில் கட்டிய அதிவேக விமானம்: காப்பீட்டு நிறுவனம் கேட்கும் பயிற்சி அவசியமா?

பாலக்கோட்டுத் தந்தை:
அனைவருக்கும் வணக்கம். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் வசிக்கிறேன். டெக்சாஸில் பணிபுரியும் என் மகன் அங்கே தனியார் விமானி உரிமம் பெற்று, செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டி வருகிறான். இப்போது, வேறொருவர் பாகங்களை வாங்கித் தாமே கட்டிய லான்சேர் நான்கு-பி விமானம் ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறான். அந்த ரகத்தை நன்கு அறிந்த பயிற்றுநருடன் குறிப்பிட்ட மணி நேரம் பறந்து, அவர் கையொப்பமிட்ட பிறகுதான் காப்பீடு செல்லும் என்கிறது நிறுவனம். உரிமம் இருக்கும்போது இது எதற்கு, காப்பீடு இல்லாமலே பறந்தால் என்ன என்று கேட்கிறான். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் பராமரிப்பாளர்:
ஐயா, விமானப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அமெரிக்காவில் 12,500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள விமானங்களுக்கும் ஜெட் விமானங்களுக்கும்தான் ரகவாரியாகத் தனித் தகுதி கட்டாயம்; லான்சேர் அவற்றில் சேராது. 200 குதிரைத்திறனைத் தாண்டிய எஞ்சின், உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்கள் போன்றவற்றுக்குப் பயிற்றுநரின் ஒப்புதல் தேவை என்றாலும், அதை வேறு ரக விமானத்திலேயே பெற்றுவிட முடியும். சட்டம் விட்ட அந்த இடைவெளியைத்தான் காப்பீட்டு நிபந்தனை அடைக்கிறது.

செஸ்னா 172-இன் இறக்கைப் பரப்பு 174 சதுர அடி. ஏறத்தாழ 2,550 பவுண்டு எடையை அது தாங்குகிறது. லான்சேரிலோ 98 சதுர அடி இறக்கைமீது 3,000 பவுண்டுக்கும் அதிகமான எடை ஏறுகிறது. ஒரு சதுர அடி சுமக்கும் பாரம் இரு மடங்குக்கு மேல் ஆவதால், தரையிறங்கும் வேகமும் கூடும்; ஓடுதளத்தை நோக்கிக் கடைசியாகத் திரும்பும்போது வேகம் சற்றுக் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்தால், மீள்வதற்கான உயரம் அங்கே இருக்காது. ஆகவே, போதிய உயரத்தில் சக்கரத்தையும் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடிப்புகளையும் (ஃபிளாப்) இறக்கிவிட்டு, தூக்குவிசை இழப்பதற்கு முன் விமானம் காட்டும் அறிகுறிகளை அந்த ரகத்தை அறிந்த பயிற்றுநருடன் உணர்ந்து பழகுவதே இப்பயிற்சியின் உயிர்நாடி.

பழைய விமானத்தை வாங்குவதால் இது இன்னும் முக்கியம். வீட்டில் கட்டிய இத்தகைய விமானங்களைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2011-இல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பிறரிடமிருந்து வாங்கப்பட்டவை. கட்டியவருக்குத் தெரிந்த குணம் வாங்கியவருக்குத் தெரியாது என்பதே என் கருத்து. தம்பி பயிற்சியைத் தட்டிக் கழிக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி முகவர்:
ஓசூர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். சொந்த உபயோக விமானத்துக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் காப்பீடு இல்லாவிட்டால், விபத்தில் பிறருக்கு நேரும் இழப்பு முழுவதும் உங்கள் மகன் தலைமேல்தான் விழும். பாலிசியில் விமானி குறித்த பிரிவைத்தான் முதலில் படிக்க வேண்டும். பயிற்சி முடியும் முன் தனியாகப் பறந்தாலோ, தகுதி நிறைவேறாத நண்பரிடம் விமானத்தை ஒப்படைத்தாலோ, பிரீமியம் கட்டியிருந்தும் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். பயிற்சிப் பறப்புகளுக்கே காப்பீட்டுப் பாதுகாப்பு உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுத் தந்தை:
இருவருக்கும் நன்றி. இன்றிரவே மகனிடம் பேசுகிறேன். இங்கே அவன் பெயரில் ஓர் ஆயுள் காப்பீடும் விபத்துப் பயன் இணைப்பும் இருக்கின்றன, அவை பாதிக்கப்படுமா?

கிருஷ்ணகிரி முகவர்:
விபத்துப் பயன் இணைப்புகள் பொதுவாக, பயணச்சீட்டு வாங்கிய பயணியாகச் செல்வதைத் தவிர்த்த மற்ற விமானப் பறப்புகளை விலக்கிவிடுகின்றன. பத்திரத்தின் விலக்குகள் பகுதியைப் பாருங்கள். விமானம் ஓட்டுகிறார் என்பதை நிறுவனத்துக்குக் கடிதமாகவே தெரிவித்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.